சவரக்கத்தியும் சாணைக்கல்லும்

கத்தியைக் கடையில் வாங்கலாம். கூர்மையைக் கடையில் வாங்க இயலாது. இவ்வுண்மையை நான் பாடநூலிற் கற்கவில்லை; என் கன்னத்திற் கற்றேன்.

கல்லூரியிற் சேர்ந்த முதல் விடுமுறையில், தாத்தாவின் தகரப் பெட்டியில் ஒரு மடக்குச் சவரக்கத்தி கிடைத்தது. கோலார் தங்கவயலில் சுரங்கத்துள் இறங்கி உழைத்தவர் அவர். அவர் கத்தியாலேயே முகம் மழிக்கப் பழகிவிடுவது என்று உறுதி கொண்டேன். சோப்பு நுரையைப் பூசிக் கண்ணாடிமுன் நின்று கத்தியைக் கன்னத்தில் வைத்தேன். மயிர் அறுபடவில்லை, பிடுங்கப்பட்டது. சற்று அழுத்தினேன். இப்போது அறுபட்டது மயிரன்று, தோல். பழகாத கை என்று என் கையையே நொந்துகொண்டேன். ஆனால் குறை கையில் மட்டும் இல்லை, கத்தியிலும் இருந்தது. அதனை அறியப் பல வாரங்கள் ஆயின.

மடக்குக் கத்தியால் மழிக்கக் கற்க வருவோர் பலர்க்கும் நேரும் இடர் இதுவே. அவர்கள் இரண்டு கலைகளை ஒரே வேளையிற் கற்க முயல்கின்றனர். ஒன்று கத்தி தீட்டும் கலை. மற்றொன்று முகம் மழிக்கும் கலை. மழிப்புச் சரியாக அமையாதபோது, பிழை எந்தக் கலையில் நேர்ந்தது என்று பிரித்தறிய அவர்களால் முடிவதில்லை. கூரற்ற கத்தி தேர்ந்த கையிலும் பிடுங்கும். கூரிய கத்தி பழகாத கையிற் கீறும். இரண்டும் சேர்ந்துவிட்டால் நோயை அறிவது எப்படி? ஆகவே முதற் கத்தியைத் தேர்ந்த ஒருவரிடம் கொடுத்துத் தீட்டிப் பெறுதல் வேண்டும். கூர்மை இன்னது என்பதைத் தன் கன்னத்தால் அறிந்த பிறகே கற்பவன் கல்லைத் தொடல் வேண்டும். இக்கட்டுரை வற்புறுத்த விரும்புவது இதனையே. ஏன் அப்படி என்பதை இனிக் காண்போம்.

தங்கவயல் தரும் பாடம்

எஃகு எப்படிக் கூர் இழக்கிறது, எப்படிக் கூர் பெறுகிறது என்பதைக் கற்கக் கோலார் தங்கவயலினும் சிறந்த பள்ளி இல்லை எனலாம். 1880 ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் நிறுவனத்தார் அங்கே பெருமுறையில் சுரங்கத் தொழிலைத் தொடங்கினர். வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழர் பல்லாயிரவர் அதில் உழைத்தனர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழம் வரை சென்றது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன.

அங்கே பொன் தனியே கிடக்கவில்லை. கரும்பாறையின் ஊடே ஓடிய வெண்ணிற நரம்புகளுள் அது கலந்திருந்தது. அவ்வெண்கல்லை நம் ஊரார் வெங்கச்சாங்கல் என்பர்; அறிவியலார் குவார்ட்ஸ் என்பர். கனிமங்களின் கடினத்தை ஒன்று முதல் பத்து வரை அளக்கும் மோஸ் அளவையில் பொன்னின் கடினம் 2½ முதல் 3 வரை. நன்கு பதமிட்ட எஃகு ஏறத்தாழ 6½. வெங்கச்சாங்கல்லோ 7. பொன்னை அடைய விரும்பியவன் எஃகினும் கடியதொரு கல்லை எஃகைக் கொண்டே துளைக்க வேண்டியிருந்தது.

விளைவு யாது? துளைக்கோல்கள் விரைவில் மழுங்கின. எஃகுக் கோல்களைக் கொண்டு பாறை துளைத்த காலத்தில், உலகின் சுரங்கங்கள் எங்கும் கொல்லுலை ஒன்று ஓயாது எரிந்தது. மழுங்கிய கோல்களை மேலே அனுப்புவர். கொல்லர் காய்ச்சி, அடித்து, கூராக்கி, நீரில் தோய்த்துப் பதமிட்டுத் திருப்பி அனுப்புவர். பதம் மிகுந்தால் நுனி உடையும். குறைந்தால் நுனி மடியும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் டங்ஸ்டன் கார்பைடு என்னும் கடும்பொருளை நுனியிற் பதித்த கோல்கள் பரவும்வரை, துளைப்போன் கைவலிமையளவு கொல்லன் கைத்திறனும் சுரங்கத்துக்கு இன்றியமையாததாய் இருந்தது.

இங்கே வியப்பொன்று உண்டு. கோலின் கூரைக் கெடுத்த அதே வெங்கச்சாங்கல்தான், பொடியினும் பொடியாகி இறுகிய வடிவில், சவரக்கத்திக்குக் கூர் தரும் கல்லாகிறது. அமெரிக்காவின் அர்க்கான்சஸ் கல், செருமனியின் துரிங்கியக் கல் ஆகியவற்றின் வலிமை நுண்ணிய குவார்ட்ஸ் மணிகளால் ஆயது. பெல்ஜிய நாட்டு மஞ்சட்கல்லில் வேலை செய்வது வேறு வகை நுண்மணிகள். கார்னெட் என்பது அவற்றின் பெயர். எஃகினும் கடியது எதுவோ அதுவே எஃகைத் தேய்க்கும். பெருமணியாயின் அது விளிம்பைச் சிதைக்கும்; நுண்மணியாயின் விளிம்பைச் செப்பம் செய்யும். பொருள் ஒன்றே, அளவே வேறு.

கத்தியின் அமைப்பு

சவரக்கத்தியை மடக்கிப் பார்த்தால் அது எளிய கருவியாகத் தோன்றும். உண்மையில் அது நுட்பமான ஆப்பு. அதன் முதுகு தடித்தது, வாய் மெல்லியது, இடைப்பட்ட பகுதி இருபுறமும் குழிவாகக் கடையப்பட்டது. முதுகின் தடிப்பு வலிமைக்காக மட்டும் அமைந்ததன்று. கல்லின்மேல் கத்தியைப் படுக்க வைக்கும்போது முதுகும் வாயும் ஒருசேரக் கல்லைத் தொடும். ஆகவே தீட்டும் கோணத்தைக் கை முடிவு செய்வதில்லை. கத்தியே முடிவு செய்கிறது. 16 மில்லிமீட்டர் அகலமும் 4½ மில்லிமீட்டர் முதுகும் உடைய கத்தியின் வாய்க்கோணம் ஏறத்தாழ 16 பாகை ஆகும். சமையற் கத்தியைத் தீட்டுவோன் கோணத்தைக் கையால் காக்க வேண்டும். சவரக்கத்தியைத் தீட்டுவோன் முதுகைக் கல்லிலிருந்து தூக்காதிருந்தாற் போதும்.

இதனை அறியாமல் நான் செய்த பிழையையும் சொல்லிவிடுகிறேன். கத்தி பிடுங்குகிறது என்று உணர்ந்தவுடன், தெருவழியே வந்த சாணை பிடிப்பவரிடம் அதனை நீட்டினேன். அவர் சக்கரத்தைச் சுழற்றினார். தீப்பொறி பறந்தது. எனக்கோ மகிழ்ச்சி. கத்தியைத் திரும்பப் பெற்றபோது விளிம்பு நெடுக மெல்லிய நீலம் படர்ந்திருந்தது. அது அழகென்று எண்ணினேன். அது அழிவென்று பின்னரே அறிந்தேன்.

எஃகைக் காய்ச்சினால் அதன் மேனியில் நிறங்கள் தோன்றும். ஏறத்தாழ 220 பாகை செல்சியசில் வைக்கோல் மஞ்சள். 300 பாகையை நெருங்கும்போது நீலம். நீலம் ஏறிய சவரக்கத்தி பதம் இழந்த கத்தி. அதன் விளிம்பு மென்மையுற்றுக் கூரைத் தாங்காது. சாணைச் சக்கரம் அரிவாளுக்கும் அரிவாள்மணைக்கும் ஏற்றது. குற்றம் அவருடையதன்று, தாளினும் மெல்லிய விளிம்பை அச்சக்கரத்தில் வைக்கச் சொன்ன என்னுடையது.

பின்னர் அக்கத்தியை, முடிதிருத்தும் தொழிலில் முதுமை எய்திய ஒருவரிடம் கொண்டு சென்றேன். அவர் விளிம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “தம்பி, கத்தியச் சுட்டுட்டாங்களே” என்றார். நீலம் படர்ந்த விளிம்பு முழுவதும் தேயும்வரை நீர் வார்த்துக் கல்லில் உரைக்க வேண்டியதாயிற்று. கத்தியின் அகலத்தில் ஒரு பங்கு போயிற்று. ஆனால் கத்தி பிழைத்தது. அவர் தீட்டித் தந்த அக்கத்தியைக் கன்னத்தில் வைத்தபோதுதான், முதன்முறையாகக் கூர்மை என்னும் சொல்லின் பொருளை உணர்ந்தேன். கத்தி மயிரைப் பற்றவே இல்லை. தடவினேன், மழிந்தது.

கல்லில் தீட்டும் முறை

அம்முதியவரிடம் பயின்ற முறையை இனிச் சுருங்கக் கூறுவேன்.

முதலாவது, கல் சமமாக இருத்தல் வேண்டும். நடுவிற் குழிந்த கல்லில் கத்தியின் வாய் முழுவதும் படியாது. கல்லின்மேல் எழுதுகோலாற் கட்டங்கள் வரைந்து, கண்ணாடிப் பலகைமேல் ஒட்டிய நீர்ப்புகா உப்புத்தாளில் நீர் வார்த்துத் தேய்த்தால், கட்டங்கள் எல்லாம் ஒருங்கே மறையும்போது கல் சமமாயிற்று என்று அறியலாம்.

இரண்டாவது, கல்லின் வரிசை. பெருமணிக் கல் விளிம்பை உருவாக்கும். நுண்மணிக் கல் அதனை மெருகிடும். இன்று கிடைக்கும் செயற்கைக் கற்களில் 1000, 4000, 8000 என்னும் எண்கள் மணியின் நுண்மையைக் குறிப்பன. எண் பெருகப் பெருக மணி சிறுக்கும். 8000 எண் கல்லின் மணிகள் 1 முதல் 3 மைக்ரான் வரையிலான அளவின. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. விளிம்பில் பல் விழுந்திருந்தாலன்றி 1000 எண் கல்லுக்குச் செல்லுதல் வேண்டா.

மூன்றாவது, நகர்த்தும் முறை. கத்தியைப் படுக்க வைத்து, வாய் முன்னே செல்லுமாறு, கல்லின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தள்ளுக. கத்தி கல்லின் அகலத்தினும் நீளமானதாயின், தள்ளும்போதே குதியிலிருந்து நுனி நோக்கிக் குறுக்காகவும் நகர்த்துக. முனையை அடைந்ததும் முதுகின்மேல் புரட்டுக, வாயின்மேல் புரட்டற்க. மறுபுறத்தால் திரும்பி வருக. கத்தியின் எடையே போதும். கை அழுத்தம் வேண்டா. கற்பவர் செய்யும் பிழைகளுள் தலையாயது அழுத்துதலே. அழுத்தினால் மெல்லிய விளிம்பு வளைந்து கல்லைவிட்டு விலகும். தேய்வது வேறிடம், தீட்ட விரும்புவது வேறிடம்.

நான்காவது, சோதனை. விளிம்பு நெடுகக் குறிப்பெழுதும் மையைப் பூசி இரண்டொரு முறை கல்லில் நகர்த்திப் பார்க்க. மை விளிம்புவரை அழிந்திருந்தால் விளிம்பு கல்லைத் தொடுகிறது. விளிம்போரம் மை எஞ்சியிருந்தால் இன்னும் தொடவில்லை. இருபுறமும் இச்சோதனையைச் செய்தபின், கைமயிரின்மேல் தோலைத் தொடாமல் கத்தியைச் செலுத்துக. மயிர் ஒசிந்து விலகினால் வேலை முடியவில்லை. மெல்ல அறுபட்டு விழுந்தால் கல்லின் வேலை முடிந்தது. விரல் நுனியை விளிம்பு நெடுக இழுத்துப் பார்ப்போர் கூரை அறியுமுன் குருதியைக் காண்பர்.

கல் எப்போதும் நனைந்திருத்தல் வேண்டும். நீர், தேய்ந்த துகளைக் கழுவிக் கொண்டுபோகும். இன்னொரு காரணமும் உண்டு. தங்கவயலார்க்கு அதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. வெங்கச்சாங்கல்லின் நுண்தூசி மூச்சோடு உட்சென்று நுரையீரலில் தங்கி அதனை இறுகச் செய்யும். சிலிக்கோசிஸ் என்னும் அந்நோய் கோலார்ச் சுரங்கத் தொழிலாளர் பலரின் மூச்சைப் பறித்தது. நாள்தோறும் தூசியில் நின்றவர் நிலை வேறு, கத்தி தீட்டுவோன் நிலை வேறு. ஆயினும் உலர்ந்த கல்லை உரசித் தூசி எழுப்புதல் அறிவுடைமையன்று.

வாரின் வேலை

கல்லிலிருந்து வந்த கத்தி நேரே முகத்துக்குச் செல்லலாகாது. தோல்வாருக்குச் செல்ல வேண்டும். கல் தேய்க்கும், வார் தேய்ப்பது மிகச் சிறிது. வளைந்தும் நெளிந்தும் நிற்கும் நுண்விளிம்பை நேராக்கி மெருகிடுவது அதன் வேலை. ஆதலின் திசையும் மாறுகிறது. கல்லில் வாய் முன்னே சென்றது; வாரில் முதுகு முன்னே செல்லும். மறந்து வாயை முன்னே செலுத்தினால் வார் அறுபடும்.

வாரை இறுகப் பிடித்து, கத்தியைப் படுக்க வைத்து, முதலிற் கெட்டித் துணிமேல் 20 முறையும், பின் தோலின்மேல் 40 அல்லது 50 முறையும் சென்று வருக. விரைவு வேண்டா. முடிதிருத்துநர் படபடவென்று வாரில் வீசுவது முப்பதாண்டுப் பழக்கத்தின் பயன். அது கற்பவர்க்குப் பாடமன்று. ஒவ்வொரு மழிப்பிற்கு முன்னும் வாரில் தீட்டுதல் வேண்டும். அவ்வாறு பேணினால் கல்லைச் சில மாதங்களுக்கு ஒருமுறை நாடினாற் போதும்.

மயிர் எஃகை வெல்லுமோ?

இவ்வளவு பேணியும் கத்தி மழுங்குவது ஏன்? மயிர் எஃகினும் ஏறத்தாழ 50 மடங்கு மென்மையானது. மென்மையானது வன்மையானதைத் தேய்ப்பது எங்ஙனம்? அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2020 இல் இதற்கு விடை கண்டனர். அவர்கள் நுண்ணோக்கியின்கீழ் மயிரை மழித்துப் பார்த்தனர். விளிம்பு மெல்லத் தேய்வதினும், ஆங்காங்கே சிறு சில்லுகளாகப் பெயர்வதே மிகுதி என்று கண்டனர். எஃகின் உட்கட்டமைப்பு ஒருசீராக இல்லாத இடத்தில், மயிர் வளைந்து விளிம்பைப் பக்கவாட்டில் உந்தும்போது சில்லு பெயர்கிறது.

இதிலிருந்து கற்பவன் பெறும் பாடம் தெளிவானது. நனைந்த மயிர் மென்மையுறும். ஆகவே வெந்நீரால் முகத்தை இரண்டு மூன்று நிமிடம் நனைத்து நன்றாக நுரை பூசுதல் முகத்துக்கு மட்டுமன்று, கத்திக்கும் நலம். எஃகு ஒருசீராக இருத்தலும் அதே அளவு இன்றியமையாதது. தென்னிந்திய உருக்கு இங்கே நினைவுக்கு வருகிறது. மூசையில் உருக்கிய அவ்வெஃகின் மாதிரியை ஆராய்ந்து ஜார்ஜ் பியர்சன் 1795 இல் லண்டன் அரசவைக் கழகத்தில் கட்டுரை வெளியிட்டார். கத்தி செய்வதில் வல்ல ஜேம்ஸ் ஸ்டோடர்ட்டும் இளைஞர் மைக்கேல் பாரடேயும் அதனால் தூண்டப்பெற்று எஃகுக் கலவைகளை ஆராய்ந்து 1820 இல் முடிவுகளை வெளியிட்டனர். மின்னியலின் தந்தையெனப் போற்றப்படும் பாரடே, நல்ல கத்திக்குரிய எஃகைத் தேடியவரும் ஆவார் என்பது மாணவர் அறியத்தக்கது.

முதல் மழிப்பு

முதல் நாளே முகம் முழுவதும் மழிக்க முயலற்க. இரு கன்னங்கள் மட்டும் போதும். மயிர் வளரும் திசையிலேயே செல்லுக. இடக்கையால் தோலை இழுத்துப் பிடித்து, கத்தியைத் தோலோடு ஏறத்தாழ 30 பாகை சாய்த்து, சிறு சிறு வீச்சாக நகர்த்துக. மோவாயும் மேலுதடும் பின்வரும் வாரங்களுக்கு உரியவை. கத்தியைப் பக்கவாட்டில் இழுத்தல் ஒருபோதும் கூடாது. காயம் நேர்வது பெரும்பாலும் அவ்வாறே. பிடுங்கல் தோன்றினால் அழுத்தற்க, நிறுத்துக. மீண்டும் வாரிற் பிடிக்க. அப்பொழுதும் பிடுங்கினால் தீட்டித் தந்தவரிடம் செல்லுக.

வேலை முடிந்ததும் கத்தியைக் கழுவித் துடைத்து உலர்த்தி, தையற்பொறி எண்ணெய் ஒரு துளி தடவி வைக்க. கரி மிகுந்த எஃகு எளிதில் துருவேறும். கண்ணுக்குத் தெரியாத துருவும் கூரைத் தின்னும். ஒருவர் கத்தியை மற்றொருவர் பயன்படுத்தலாகாது. மஞ்சட்காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி முதலிய நோய்க்கிருமிகள் குருதி வழியே பரவும். தாத்தாவின் கத்தியாயினும் முதலிற் கிருமி நீக்கியே பயன்படுத்தல் வேண்டும்.

யாரிடம் கற்பது?

தானே மழித்துக்கொள்ளும் கலையைக் கற்பிக்க, பிரெஞ்சு நாட்டுக் கத்திக் கொல்லர் பெர்ரே 1769 இலேயே ஒரு நூல் எழுதினார். 1903 இல் ஜில்லெட் நிறுவனம் மாற்றத்தக்க பிளேடை விற்கத் தொடங்கியபின், தீட்டும் தேவையே வீடுகளிலிருந்து மெல்ல மறைந்தது. இன்று முடிதிருத்தும் நிலையங்களிலும் பாதிப் பிளேடு செருகும் கத்தியே பெருவழக்கு. நோய் பரவாமல் காப்பதால் அது நன்றே. ஆனால் அதனோடு ஓர் அறிவும் மங்கி வருகிறது. கல்லின் ஒலியைக் கேட்டே விளிம்பின் நிலையை அறிந்த கைகள் இன்று மிகச் சில. அவையும் முதியவர் கைகள்.

அவ்வறிவு பட்டம் பெற்றவர்களிடம் இல்லை. எந்தத் தொழிலை நம் சமுதாயம் பிறப்பைக் காட்டித் தாழ்த்தி வைத்ததோ, அத்தொழில் செய்தவர்களிடம் இருக்கிறது. எஃகின் பதம், கல்லின் மணி, கோணத்தின் அளவு ஆகியவற்றை நாம் நூலிற் படிக்கிறோம். அவர்கள் விரலில் வைத்திருந்தனர். சுரங்கத்துக் கொல்லனும் அப்படியே. சுரங்கம் மூடியபோது அவன் கற்றதைக் கேட்டு எழுதிவைத்தவர் எத்தனை பேர்? கேட்காமல் விட்ட அறிவு மீண்டும் கிடைப்பதில்லை.

ஆதலின், மாணவ நண்பர்களே, உங்கள் ஊரில் மடக்குக் கத்தியைத் தீட்டத் தெரிந்த பெரியவர் எவரேனும் இருப்பின் அவரிடம் செல்லுங்கள். தீட்டித் தருமாறு கேளுங்கள். உரிய கூலியைக் கொடுங்கள். பின்பு, ‘ஐயா, எனக்கும் சொல்லிக்கொடுங்கள்’ என்று பணிவோடு கேளுங்கள். எனக்குக் கற்பித்த முதியவர் முதல் நாள் கல்லை என் கையிற் கொடுக்கவில்லை. ஒரு மாதம் அவர் தீட்டிய கத்தியால் மழித்துவரச் சொன்னார். அதன்பின் என் முகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, “இப்போ கல்ல எடு” என்றார். அன்று நான் தீட்டிய கத்தி அவர் தீட்டியதைப் போல் அமையவில்லை. ஆனால் எது குறைந்தது என்று எனக்குத் தெரிந்தது. கற்றலின் தொடக்கம் அதுவே.